‘ஆண்கள் பிரிவு’ எதற்கு?

விளையாட்டில் பெண்களும் ஆண்களும் ஒன்றாகப் போட்டியிடலாமா என்ற கேள்வி நெடுங்காலமாக எழுந்து வந்தாலும், எல்லா விளையாட்டுகளுக்கும் ஒரே விடைதான் இருக்க முடியும் என்பதுபோலவே அது பெரும்பாலும் கேட்கப்படுகிறது. பளுதூக்குதலையும் செஸ்ஸையும், குத்துச்சண்டையையும் குதிரையேற்றத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசும் விவாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும் யாருக்காவது அநீதியாகவே முடிகிறது. ஒரு போட்டியில் வெற்றியைத் தீர்மானிப்பது உடலின் எந்தத் திறன், அந்தத் திறனில் இரு பாலினருக்கும் இடையே வேறுபாடு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று ஒவ்வொரு விளையாட்டாக எடுத்துக் கேட்டால்தான் தெளிவு பிறக்கும். அப்படிக் கேட்கும்போது கிடைக்கும் விடை இரு தரப்புக்குமே முழு உவப்பாக இராது: பெண்களுக்கென்று தனிப் பிரிவு பல விளையாட்டுகளில் இன்றியமையாதது, ஆனால் எதிராளியின் உடலோடு மோதாத எந்த விளையாட்டிலும் ‘ஆண்களுக்கு மட்டும்’ என்றொரு பிரிவு இருப்பதற்கு நியாயமே இல்லை.

பெண்கள் பிரிவு என்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அது இல்லாவிட்டால் உலகின் மிகச் சிறந்த வீராங்கனைகள்கூட இறுதிச்சுற்றைக் காண முடியாத போட்டிகள் பல உண்டு என்பதால் அது வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்கள் பிரிவுக்கு அத்தகைய காரணம் எதுவும் இல்லை. ஆணைவிட மெதுவாக ஓடும் பெண் அந்தப் பிரிவில் நுழைந்தால் எந்த ஆணுக்கும் நட்டமில்லை. ஆணுக்கு நிகராகவோ மேலாகவோ ஆடும் பெண் நுழைந்தால், அவரைத் தடுப்பதற்கு ‘அவர் பெண்’ என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இருக்காது.

உடல் தீர்மானிக்கும் இடம்

முதலில் உடலைப் பற்றிய உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பருவமடையும் வயது வரை சிறுவர், சிறுமியரின் ஓட்டத்திலும் நீச்சலிலும் பெரிய இடைவெளி இருப்பதில்லை. பருவமடையும்போது ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் பல மடங்கு பெருகி, தசையின் அளவையும் எலும்பின் நீளத்தையும் உறுதியையும் கூட்டுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் புரதமாகிய ஹீமோகுளோபினின் அளவையும் உயர்த்துகிறது. பயிற்சியால் மட்டும் இந்த வேறுபாட்டை ஈடுகட்டிவிட முடியாது என்பதை உலக சாதனைகளே காட்டுகின்றன. 100 மீட்டர் ஓட்டத்தில் உசைன் போல்ட் 2009இல் நிகழ்த்திய சாதனை 9.58 வினாடி, புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988இல் நிகழ்த்தி இன்றுவரை முறியடிக்கப்படாத பெண்கள் சாதனை 10.49 வினாடி. உயரம் தாண்டுதலில் கியூபாவின் ஹாவியர் சோட்டோமயர் 1993இல் தாண்டியது 2.45 மீட்டர், உக்ரைனின் யாரோஸ்லாவா மஹுசிக் 2024இல் தாண்டியது 2.10 மீட்டர். ஓட்டத்தில் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும் இந்த இடைவெளி, தாண்டுதலில் அதைவிடக் கூடுதலாகவும் பளுதூக்குதலில் மிகப் பெரிதாகவும் விரிகிறது. இத்தகைய போட்டிகளில் பெண்கள் பிரிவை எடுத்துவிடுவது சமத்துவம் ஆகாது; அது பெண்களைக் களத்திலிருந்தே அகற்றுவதாகும். குத்துச்சண்டை, மல்யுத்தம், ரக்பி போன்ற விளையாட்டுகளில் இதனுடன் உயிர்ப் பாதுகாப்பும் சேர்ந்துகொள்வதால், அங்கே இரு பிரிவுகளும் மூடியே இருப்பதுதான் முறை.

ஆனால் ஓட்டப்பந்தயத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம், அது பொருந்தாத களங்களிலும் கேள்வி கேட்பாரின்றிக் கோலோச்சுகிறது. அதன் மிகத் தெளிவான உதாரணம் துப்பாக்கிச் சுடுதல்.

அரை மில்லிமீட்டர் புள்ளி

10 மீட்டர் ஏர் ரைபிள் என்பது அழுத்தப்பட்ட காற்றின் விசையால் 4.5 மில்லிமீட்டர் குண்டைச் செலுத்தும் துப்பாக்கியால், பத்து மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நின்றபடியே சுடும் போட்டி. இலக்கின் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். அதாவது சுடப்படும் குண்டைவிடப் பல மடங்கு சிறியது. அந்தப் புள்ளியின் மையத்தைத் துல்லியமாகத் தொட்டால் 10.9 புள்ளி, சற்றே விலகினால் 10.4, 10.1 என்று பதின்மப் புள்ளி கணக்கில் குறையும். தகுதிச்சுற்றில் அறுபது முறை சுட வேண்டும் என்பதால் உச்ச மதிப்பெண் 654. இங்கே தசையின் வலிமைக்குப் பெரிதாக வேலை இல்லை. கெட்டியான கோட்டும் கால்சட்டையும் உடலைத் தாங்கிக்கொள்ள, மூச்சை அடக்கி, துப்பாக்கியின் அசைவு அடங்கும் அந்தக் கணத்தில் விசையை இழுக்கும் நிதானம்தான் ஆட்டம்.

பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகள் நடந்த ஷாத்தோரூ நகரத்தில், 2024 ஜூலை 28 அன்று இப்போட்டியின் பெண்கள் தகுதிச்சுற்றும் ஆண்கள் தகுதிச்சுற்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெற்றன. பெண்களில் முதலிடம் பெற்ற தென்கொரியாவின் பான் ஹியோ ஜின் 634.5 புள்ளி எடுத்தார். ஆண்களில் முதலிடம் பெற்ற சீனாவின் ஷெங் லிஹாவ் எடுத்தது 631.7. இந்தியாவின் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்துப் பெண்களில் ஐந்தாம் இடம்தான் பெற முடிந்தது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாம் இடத்தில் நின்றுவிட, எட்டுப் பேர் மட்டுமே செல்லும் இறுதிச்சுற்று அவருக்கு வாய்க்கவில்லை. அதே நாளில் 630.1 எடுத்த அர்ஜுன் பபுதா ஆண்களில் ஏழாம் இடம் பெற்று இறுதிச்சுற்றுக்குச் சென்றார். அங்கே நான்காம் இடம் வரை வந்து, பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டார். அவர் ஆடிய ஆட்டம் பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே துப்பாக்கி, ஒரே தொலைவு, ஒரே இலக்கு, ஒரே எண்ணிக்கையிலான குண்டுகள் என்று எல்லாம் ஒன்றாக இருக்க, கூடுதல் புள்ளி எடுத்தவர் வெளியேயும் குறைந்த புள்ளி எடுத்தவர் உள்ளேயும் இருந்தார்கள் என்பது அந்த நாளின் பதிவு. இது ஒருநாள் தற்செயலும் அன்று: மூன்று ஆண்டுகளுக்கு முன் டோக்கியோவில் நார்வேயின் ஜெனெட் ஹெக் டூஸ்டாட் தகுதிச்சுற்றில் எடுத்த 632.9, ஆண்களில் முதலிடம் பெற்ற யாங் ஹாவ்ரானின் 632.7ஐவிடக் கூடுதல்.

இந்த ஒப்பீடே 2018க்கு முன் செய்ய முடியாததாக இருந்தது. அதுவரை இதே போட்டியில் ஆண்கள் அறுபது முறையும் பெண்கள் நாற்பது முறையும் சுட்டார்கள். பெண்களின் உடல் அறுபது முறை சுடுவதைத் தாங்காது என்று யாரும் நிறுவியதில்லை. ஆனாலும் எண்ணிக்கை வேறாக இருந்ததால் மொத்தப் புள்ளிகளை அருகருகே வைத்துப் பார்க்க வழியில்லாமல் போனது. தனித்தனியே ஆடவிட்டதோடு அளவுகோலையும் வேறாக்கிவிட்டால், பிரித்தது சரியா தவறா என்று சோதிக்கும் வாய்ப்பே மறைந்துபோகிறது.

துப்பாக்கிச் சுடுதல் எப்போதும் இப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் பெண்களும் ஆண்களும் ஒன்றாகவே சுட்டார்கள். 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில், அதாவது படுத்தும் மண்டியிட்டும் நின்றும் சுட வேண்டிய போட்டியில், அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக்கும் அவருடைய அணித் தோழர் லேனி பாஷமும் 1162 என்ற ஒரே புள்ளியில் முடித்தார்கள். சமநிலையை முறிக்கும் விதியின்படி தங்கம் பாஷமுக்குச் சென்றது. விருது மேடையில் நாட்டுப்பண் ஒலித்தபோது பாஷம் மர்டாக்கின் கையைப் பற்றித் தாம் நின்ற மேல்படிக்கு இழுத்துக்கொண்டார். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே உண்மையில் வேறுபாடு இல்லை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. அதற்கு அடுத்த எட்டாவது ஆண்டில், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கெனத் தனிப் போட்டிகள் வந்தன.

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட், டிராப் ஆகிய போட்டிகள் மட்டும் 1992 வரை பொதுவாக நீடித்தன. ஸ்கீட்டில் உயரமான ஒரு கூண்டிலிருந்தும் தாழ்வான ஒரு கூண்டிலிருந்தும் குறுக்கும் நெடுக்குமாக வீசப்படும் தட்டுகளை, எட்டு நிலைகளில் மாறி மாறி நின்று சுட வேண்டும். பார்சிலோனாவில் சீனத்தின் சிச்சுவான் மாகாணத்தைச் சேர்ந்த 24 வயது ஜாங் ஷான், இறுதிச்சுற்றுக்கு முன்பு வரை சுட்ட 200 தட்டுகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. இறுதிச்சுற்றின் 25இல் 23 எடுத்து, மொத்தம் 223 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். தலா 222 எடுத்த பெருவின் ஹுவான் ஹிஹாவும் இத்தாலியின் புரூனோ ரொசெட்டியும் மேடையில் அவரைத் தூக்கிப் பிடித்துக் கொண்டாடினார்கள். ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து சுட்ட ஒரு போட்டியில் தங்கம் வென்ற முதல் பெண் அவர்தான்.

அடுத்த ஒலிம்பிக்கான 1996 அட்லாண்டாவில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாயிற்று. பெண்களுக்கு ஸ்கீட் போட்டியே இல்லை. நடப்புச் சாம்பியன் தம் பட்டத்தைத் தக்கவைக்க முயலும் உரிமைகூட இல்லாமல் வீட்டில் இருந்தார். அவர் வென்றதால்தான் பெண்கள் விலக்கப்பட்டார்கள் என்று இக்கதை பலமுறை சொல்லப்படுவதுண்டு, அது சரியன்று. விலக்கும் முடிவைச் சர்வதேசச் சம்மேளனம் பார்சிலோனாப் போட்டிகளுக்கு முன்பே எடுத்துவிட்டது. ஆனால் வரிசையைத் திருத்திச் சொல்வதால் அநீதி குறைந்துவிடுவதில்லை. ஒரு பெண்ணால் வெல்ல முடியும் என்பது உலகத்தின் கண்முன்னே நிரூபணமான பிறகும் அந்த முடிவு மாற்றப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெண்களுக்கான ஸ்கீட் 2000 சிட்னியில்தான் வந்தது. அதில் ஜாங் ஷான் மீண்டும் கலந்துகொண்டார், பதக்கம் கிட்டவில்லை. எட்டு ஆண்டுகள் என்பது ஒரு விளையாட்டு வீராங்கனையின் வாழ்வில் சிறிய காலமன்று.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றது குதிரையேற்றம். டிரெஸ்ஸாஜ் எனப்படும் குதிரை நடைப் போட்டி 1952 வரை ஒலிம்பிக்கில் ராணுவ அதிகாரிகளுக்கே உரியதாக இருந்தது. அந்த ஆண்டு ஹெல்சிங்கியில் கதவு திறந்தவுடன், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டல், குதிரைமீது பிறர் ஏற்றிவிடும் நிலையில் இருந்துகொண்டே வெள்ளி வென்றார். திறந்த கதவு பிறகு மூடப்படவில்லை. இன்று ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் எட்டுத் தங்கம் வென்றிருக்கும் ஜெர்மனியின் இசபெல் வெர்த்தை யாரும் ‘பெண்கள் பிரிவின்’ சாதனையாளர் என்று குறிப்பிடுவதில்லை; அப்படியொரு பிரிவு அங்கே இல்லை.

பலகையின் இருபுறம்

செஸ் இக்கேள்விக்கு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. அங்கே ‘ஆண்கள் செஸ்’ என்று எதுவும் இல்லை. உள்ளவை பொதுப் பிரிவும் பெண்கள் பிரிவும்தான். குகேஷ் வென்ற உலகப் பட்டம் பெண்களும் போட்டியிடக்கூடிய பட்டம். இக்கட்டுரை வலியுறுத்தும் அமைப்பு ஏற்கெனவே அங்கே நடைமுறையில் இருக்கிறது எனலாம். ஆனாலும் இந்தியாவில் எண்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்க, அவர்களில் பெண்கள் கோனேரு ஹம்பி, துரோணவல்லி ஹரிகா, சென்னையின் வைஷாலி, திவ்யா தேஷ்முக் என நால்வரே. காய் நகர்த்தத் தசை வேண்டாம் என்னும்போது இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது?

விடையின் பெரும்பகுதி எண்ணிக்கையில் இருக்கிறது. உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேயின் தரவரிசைப் புள்ளி பெற்ற ஆட்டக்காரர்களில் பெண்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர். பெரிய கூட்டத்தின் உச்சியில் நிற்பவர் சிறிய கூட்டத்தின் உச்சியில் நிற்பவரைவிட உயரமாக இருப்பதற்கான வாய்ப்பு இயல்பாகவே அதிகம். ஜெர்மனியின் ஆட்டக்காரர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, உச்சநிலை வேறுபாட்டின் மிகப் பெரும்பகுதியை இந்த எண்ணிக்கை ஒன்றே விளக்கிவிடுகிறது என்று கண்டது. அம்முடிவை மறுத்தவர்களும் உண்டு. எண்ணிக்கைக்கு அப்பால் சூழலின் பங்கும் உண்டு. ஹங்கேரியின் சூசன் போல்கர் ஆண்களோடு ஆடியே வளர்ந்தவர். பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்களுடைய தரப்புள்ளி உண்மைத் திறனைவிடக் குறைவாக இருக்கிறது என்று கருதிய ஃபிடே, 1987இல் ஆடிக்கொண்டிருந்த எல்லாப் பெண்களுக்கும் நூறு புள்ளி கூட்டிக் கொடுத்து, சூசனுக்கு மட்டும் மறுத்தது. அதனால் பெண்கள் தரவரிசையில் அவர் முதலிடத்தை இழந்தார். தனித்திருந்தோருக்குச் சலுகையும் கலந்து ஆடியவருக்குத் தண்டனையும் கிடைத்த அந்தத் தீர்ப்பு, பிரிவினை எப்படித் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்பதற்குச் சான்று.

அவருடைய தங்கை ஜூடித் போல்கர், பெண்கள் உலகப் பட்டத்துக்கு ஒருமுறைகூடப் போட்டியிடவில்லை. 1991இல் 15 வயதில் பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்துக் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2002இல் மாஸ்கோவில் நடந்த அதிவேகப் போட்டியொன்றில் காஸ்பரோவை வென்றார். உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தார். பெண்கள் பிரிவிலேயே இருந்திருந்தால் பல பட்டங்களை எளிதில் வாரிக்கொண்டிருப்பார். ஆனால் 2735 என்ற தரப்புள்ளியை எட்டியிருக்க மாட்டார்.

ஆகவே செஸ்ஸில் பெண்கள் பிரிவை உடனே ஒழித்துவிட வேண்டும் என்று பொருளாகாது. பரிசுத்தொகையும் பயணச் செலவும் இல்லாமல் போனால் இருக்கும் பத்தில் ஒரு பங்கும் கரைந்துவிடும். ஆனால் பெண் கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டத்துக்கு 2300 புள்ளியும் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 புள்ளியும் என்று வைத்திருப்பதை நியாயப்படுத்துவது கடினம். பரிசுக்குத் தனி ஏற்பாடு இருக்கலாம், அறிவுக்குத் தனி அளவுகோல் எதற்கு? 2023இல் 2500 புள்ளியைக் கடந்து வைஷாலி பெற்ற பட்டம், தம்பி பிரக்ஞானந்தா பெற்ற அதே பட்டம் என்பதால்தான் அதற்கு அந்த எடை.

கேரம் பலகையைச் சுற்றி எழும் கேள்வி இன்னும் எளிது. பதினைந்து கிராமுக்கு மேற்படாத ஸ்டிரைக்கரை விரலால் சுண்டும் ஆட்டத்தில், வடசென்னையின் வியாசர்பாடியிலிருந்து சென்று 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும், ஆண்கள் பிரிவில் இருமுறை உலகச் சாம்பியனான மரிய இருதயத்தின் நகரத்துக்காரர்கள். குடிசைப் பகுதிகளின் கேரம் பலகைகளில் வயதும் பாலினமும் பாராமல் ஆடித் தேர்ந்த திறமை, உலகப் போட்டிக்குப் போனதும் இரண்டாகப் பிரிக்கப்படுவதற்கு உடலியல் காரணம் எதையும் காட்ட முடியாது.

கோட்டின் விலை

பிரிவு இருந்தால் எல்லைக்கோடு இருக்கும். கோடு இருந்தால் அதன் அருகே நிற்கும் மனிதர்களும் இருப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை முடிவைக் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய அந்தரங்கம் உலகச் செய்தியானது. ஓட்டத்தில் பெண்கள் பிரிவு வேண்டும் என்பதை ஏற்பவர்கள், அந்தக் கோட்டைக் காக்க ஒரு பெண் கொடுக்க நேர்ந்த இந்த விலையையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் போட்டியிடும் அனைவருக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தேவையுள்ள போட்டியில் கோடு போடுவதே இவ்வளவு வலி தருவது என்றால், தேவையற்ற போட்டியில் அதைப் போடாமல் இருக்க அதுவே போதுமான காரணம்.

உடல் வேறுபாட்டை ஒப்புக்கொண்டே ஒன்றாக ஆடும் வழியும் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் பள்ளி ஆசிரியர் நிகோ புரூக்ஹைசன் 1902இல் உருவாக்கிய கார்ஃப்பால் ஆட்டத்தில் ஓர் அணிக்கு நான்கு பெண்களும் நான்கு ஆண்களும். மூன்றரை மீட்டர் உயரத்தில் பின்பலகை இல்லாத கூடை, பந்தோடு ஓடக்கூடாது, பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணுமே மறிக்க வேண்டும், மறிக்கப்பட்ட நிலையில் கூடைக்கு எறியக்கூடாது. வேகமும் உயரமும் தனியாக எதையும் சாதித்துவிடாதபடி விதிகளே அமைந்திருப்பதால், எட்டுப் பேரும் ஒத்திசைந்தால்தான் பந்து கூடைக்குள் போகும். ஒலிம்பிக்கில் அண்மைக் காலத்தில் பெருகிவரும் கலப்புத் தொடர் ஓட்டமும் கலப்பு அணிச் சுடுதலும் இந்த வழியில் வந்தவையே. பாரிஸில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வென்ற வெண்கலம் கலப்பு அணிப் போட்டியில் வந்தது. கலப்பு ஸ்கீட்டில் மகேஸ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நரூக்காவும் ஒரே ஒரு புள்ளியில், 43-44 என்று, வெண்கலத்தைச் சீனாவிடம் இழந்தார்கள்.

துப்பாக்கிச் சுடுதலில் தனிநபர் போட்டிகளையும் இணைத்துவிடலாமே என்னும்போது எழும் எதிர்ப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டு போட்டிகள் ஒன்றானால் பதக்கங்கள் பாதியாகும், இடங்களும் பாதியாகும். எந்த நாட்டுச் சம்மேளனம் யாரை அனுப்பும் என்பது புள்ளிப் பட்டியலை மட்டும் பொறுத்தது அல்ல. பயிற்சி நிலையமும் துப்பாக்கியும் குண்டுச் செலவும் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்பதையும் பொறுத்தது. பொதுப் போட்டியாக இருந்த பார்சிலோனா ஸ்கீட்டில் ஜாங் ஷான் வென்றார் என்பது உண்மை. அந்தக் களத்தில் இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதும் உண்மை. 1984இல் வந்த தனிப் போட்டிகள்தாம் பெண்களுக்குப் பயிற்சியளிக்கும் கட்டாயத்தைப் பல நாடுகளுக்கு ஏற்படுத்தின. கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசல் வரை வர வழிசெய்யாமல் இருப்பது திறக்காமல் இருப்பதற்குச் சமம்.

ஆகவே இணைப்பு இடஒதுக்கீட்டோடு வர வேண்டும். ஏர் ரைபிளில் ஒவ்வொரு நாடும் இரண்டு பெண்களையும் இரண்டு ஆண்களையும் அனுப்பலாம் என்று நுழைவைச் சமமாக வைத்துவிட்டு, தகுதிச்சுற்றுப் புள்ளிப் பட்டியலை ஒன்றாக்கி, முதல் எட்டுப் பேரைப் பாலினம் பாராமல் இறுதிச்சுற்றுக்கு அனுப்பலாம். குறையும் ஒரு பதக்கத் தொகுப்பை, 50 மீட்டர் பிஸ்டல்போல ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்ட போட்டிகளில் ஒன்றைப் பொதுப் பிரிவாக மீட்டுக் கொண்டுவந்து ஈடுசெய்யலாம். ஸ்கீட்டுக்கு அவ்வளவுகூட வேண்டாம்: 1992இல் இருந்த விதியைத் திரும்பக் கொண்டுவந்து, நுழைவு இடங்களில் சரிபாதியைப் பெண்களுக்கென ஒதுக்கினால் போதும்.